குடித்தனக்காரங்களோட சேத்து வாங்கின வீடு: மயிலாடுதுறையில எங்க கேஸ், முழுசா

மயிலாடுதுறை கூறைநாட்டுப் பக்கம் நாலு குடித்தனம் இருக்குற ஒரு பழைய வீட்ட 2022 ஆவணியில வாங்கினோம். காலி பண்ணிக் கொடுங்கன்னு நாங்க கேக்கல, வாடகை வந்துகிட்டு இருக்குற வீடாத்தான் தேடினோம், ஏன்னா எங்க வீட்டுக்காரர் 11 வருஷமா சிங்கப்பூர்ல, நான் குத்தாலத்துல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல கணக்கு பாக்குறேன், புதுசா ஆள் தேடி அட்வான்ஸ் பேசி குடிவைக்கிறதுக்கெல்லாம் எங்களுக்கு நேரமும் இல்ல தெம்பும் இல்ல. அவர் அனுப்பின காசும் பேங்க் லோனும் சேத்து 58 லட்சம். வெளிநாட்டுக் காசு வந்தா முன்னெல்லாம் எங்க பக்கம் நஞ்ச நிலம் வாங்குவாங்க, இப்ப நிறைய பேரு டவுன்ல வாடகை வீடா பாக்குறாங்க, அப்படிப் பாக்குறவங்களுக்கு உதவும்னுதான் எங்க எங்க சறுக்குச்சுன்னு கணக்கோட எழுதுறேன்.

வீடு எப்படின்னா, முன்னாடி ரோட்டப் பாத்து ஒரு கடை, டெய்லர் அண்ணன் 2009-லேருந்து அங்கதான் தைக்கிறாரு. பக்கத்து நடை வழியா உள்ள போனா கீழ் வீடு, மஸ்கட்ல டிரைவரா இருக்குறவரோட சம்சாரமும் ரெண்டு புள்ளைங்களும். மாடியில ரிட்டயர் ஆன ஒரு டீச்சரம்மா, அவங்க பொண்ணு. கொல்லையில நாட்டு ஓடு போட்ட தனி வீடு, அதுல ஒரு ஆச்சி 1996-லேருந்து இருக்காங்க.

பழைய ஓனர் தன் கையால ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்தாரு. கடை 4,500, கீழ் வீடு 5,500, மாடி 7,500, கொல்லை வீடு 1,200, ஆக மாசம் 18,700. அட்வான்ஸ் கடைக்கு 25,000, கீழ் வீட்டுக்கு 15,000, மாடிக்கு 20,000, ஆச்சிக்கு ஒண்ணும் இல்ல, மொத்தம் 60,000. சொத்து மேல பதிவான கடன், அடமானம் இருக்கான்னு 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பாத்தோம், சுத்தமா இருந்துச்சு. அடிமனை கோயிலோடதா மடத்தோடதான்னு வக்கீல் தனியா பாத்தாரு, எங்க பக்கம் அது முதல்ல பாக்க வேண்டிய விஷயம், சுவரும் கூரையும் மட்டும் ஓனரோடது மண்ணு சாமியோடதுன்னு இருக்குற வீடுங்க இந்த ஊருங்கள்ல நிறைய. அதுலயும் பிரச்சனை இல்ல. 5 லட்சம் கொடுத்து கிரய ஒப்பந்தம் போட்டாச்சு, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு மூணு வாரம் இருந்துச்சு.

அப்பதான் எங்க பெரியம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏண்டி, வீட்டப் பாத்த, பத்திரத்தப் பாத்த, அதுல குடியிருக்கவங்ககிட்ட ஒக்காந்து பேசினியா?" நான் பேசல. புரோக்கர் கூட வந்தப்ப வாசப்படியில நின்னு நாலு பேருக்கும் ஒரு வணக்கம் வச்சிட்டு வந்ததுதான்.

மாடி வீட்டு மஞ்சப்பை

அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவ கூட்டிகிட்டு புரோக்கர் இல்லாம போனேன். டீச்சரம்மா காப்பி கொடுத்தாங்க, பேசிகிட்டே இருக்கும்போது வாடகை எத்தனாந்தேதி கொடுப்பீங்கன்னு சாதாரணமாத்தான் கேட்டேன். "வாடகையா? நாங்க போகியத்துல இல்ல இருக்கோம், உங்ககிட்ட சொல்லலையாம்மா?" ன்னாங்க. அப்பா காப்பி டம்ளர அப்படியே கீழ வச்சிட்டாரு.

உள்ள போயி பீரோவுலேருந்து ஒரு மஞ்சப்பைய எடுத்து வந்தாங்க. அதுக்குள்ள பாலிதீன் கவரு, அதுக்குள்ள மடிப்பு மடிப்பா 20 ரூபா ஸ்டாம்பு பேப்பர், மடிப்புல கிழிஞ்சு செல்லோ டேப் ஒட்டியிருந்துச்சு. 4 லட்சம் ரூபா வாங்கிகிட்டு மாடி வீட்ட மூணு வருஷம் அனுபவிச்சுக்கச் சொல்லி எழுதி பழைய ஓனர் கையெழுத்து, ரெண்டு சாட்சி. பின் பக்கம் பேனாவுல "மேலும் இரண்டு வருடம்"னு எழுதி இன்னொரு கையெழுத்து, அந்த ரெண்டு வருஷத்துல இன்னும் எட்டு மாசம் பாக்கி. நான் அந்தக் கையெழுத்தையும் என் பையில இருந்த வாடகை லிஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன், ரெண்டும் ஒரே கைதான். லிஸ்ட்ல மாடிக்கு 7,500 வாடகைன்னு எழுதின அதே கை.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், போகியம்னா ஒரு பெருந்தொகைய மொத்தமா கொடுத்துட்டு வாடகை இல்லாம குடியிருக்கறது, காலி பண்ணும்போது முழுத் தொகையும் திரும்ப வரும், ஒத்தின்னும் சொல்லுவாங்க, சென்னையில இதையே லீசுன்னு சொல்றாங்க. சட்டப்படி இது அடமானத்துல ஒரு வகை, அதனால 100 ரூபாய்க்கு மேல போச்சுன்னா ரிஜிஸ்டர் பண்ணித்தான் ஆகணும். ஆனா ஊருல முக்காவாசிப் பேரு ஸ்டாம்பு பேப்பர்ல எழுதிக்கிறதோட சரி. ரிஜிஸ்டர் ஆனதுதான் வில்லங்கத்துல வரும், இது வராது. 30 வருஷ வில்லங்கம் சுத்தம்னு நாங்க நிம்மதியா இருந்தோம்ல, அந்த நிம்மதிக்குள்ளதான் 4 லட்சம் ஒளிஞ்சுகிட்டு இருந்துச்சு.

வக்கீல்கிட்ட ஓடினேன். அவர் சொன்னது எனக்கு இன்னைக்கும் மனப்பாடம். 1882-ஆம் வருஷ சொத்து மாற்றுச் சட்டத்துல 3-வது பிரிவுலயே இருக்காம், ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தர் குடியிருந்தா அவருக்கு அதுல என்ன உரிமை இருக்குன்னு வாங்குறவனுக்குத் தெரியும்னுதான் சட்டம் எடுத்துக்கும். எனக்குத் தெரியாதுங்கன்னு பின்னாடி சொல்ல முடியாது, போயி கேட்டிருக்கணும். "அந்த பேப்பர் ரிஜிஸ்டர் ஆகாதது, கோர்ட்ல அது அடமானமா நிக்கறது கஷ்டம், ஆனா அந்தம்மா பணம் கொடுத்தது நெசம், வீட்டுக்குள்ள இருக்குறதும் நெசம், நீங்க ரிஜிஸ்டர் பண்ணினப்புறம் அவங்க யாரப் பாப்பாங்க? உங்களத்தான் பாப்பாங்க" ன்னாரு.

அந்தப் பணம் டீச்சரம்மாவோட ரிட்டயர்மென்ட் காசு. பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருக்கறது. பேப்பர் பலவீனமா இருக்குன்னு சொல்லி அவங்கள மெரட்டி அனுப்பிடலாம்னு ஒரு சொந்தக்காரர் எனக்கு யோசனை சொன்னாரு, அவர்கிட்ட நான் அதுக்கப்புறம் இந்த வீட்டப் பத்தி பேசறதே இல்ல.

சீட்டு

அன்னைக்கு ராத்திரியே ஒரு பக்கத்துக்கு ஒரு சீட்டு தயார் பண்ணினேன், ஸ்கூல்ல டிசி எழுதுற மாதிரி கட்டம் போட்டு. யாரு பேர்ல குடியிருக்காங்க, எப்பலேருந்து, வாடகை எவ்வளவு, எந்தத் தேதி, கையிலயா பேங்க்லயா, அட்வான்ஸ் எவ்வளவு, அத யாரு வாங்கினது, கரண்ட் பில்லு யாரு கட்டுறது, தண்ணி மோட்டார் யாரு போடுறது, வீட்டுல இருக்குறதுல எது எது குடித்தனக்காரங்க சொந்தக் காசுல மாட்டினது. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம்னு அப்பா சொல்லி சேத்தது. கீழ் வீட்டு கிரில் கேட்டு அவங்க போட்டதாம், மாடியில கீசரும் ரெண்டு ஃபேனும் டீச்சரம்மாவோடது, எழுதலைன்னா அவங்க காலி பண்ற அன்னைக்கு எங்களோடத கழட்டிட்டுப் போறாங்கன்னு நான் சண்டைக்கு நின்னிருப்பேன். குடித்தனக்காரர் ஒரு கையெழுத்து, பழைய ஓனர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து.

டெய்லர் அண்ணன் கடையில இது ஒரு மணி நேரம் ஆச்சு. ஓனர் 25,000-ன்னு சொல்றாரு, இவரு 40,000-ன்னு சொல்றாரு. ரசீது எதுவும் கிடையாது. அண்ணன் மேஜைக்கு அடியிலேருந்து ஒரு பழைய அளவு நோட்டு எடுத்தாரு, அட்டையெல்லாம் எண்ணெய் பிசுக்கு, கழுத்து 15, கை 9 ன்னு பக்கம் பக்கமா அளவு, கடைசிப் பக்கத்துல மட்டும் வேற கணக்கு. 2009-ல 15,000. 2014-ல 10,000. 2019-ல ஷட்டர் மாத்தினதுக்கு 15,000. மூணு வரிக்குப் பக்கத்துலயும் பென்சில்ல ஒரு சின்ன சுழி, அது ஓனரோட இனிஷியல். "ஷட்டர் காசு அட்வான்ஸ் இல்லப்பா, அது உன் கடைக்கு நீ செஞ்சுகிட்டது" ன்னாரு ஓனர். "அட்வான்ஸ்ல ஏத்திக்கன்னு இதே ஸ்டூல்ல ஒக்காந்து நீங்கதானே சார் சொல்லி சுழிச்சீங்க" ன்னாரு அண்ணன், சத்தம் போடாமதான் சொன்னாரு. ஓனர் கொஞ்ச நேரம் அந்த நோட்டப் பாத்துட்டு 40,000-ன்னே போட்டுக்கங்கன்னுட்டாரு.

ஆச்சி சீட்டுல அட்வான்ஸ் 500-ன்னு எழுதச் சொன்னாங்க. ஓனரோட அப்பா காலத்துல கொடுத்ததாம். யாரும் மறுக்கல.

ஆக 60,000-ன்னு சொன்ன அட்வான்ஸ் கடைசியில 40,000, 15,000, 500, போகியம் 4 லட்சம், மொத்தம் 4,55,500. மாச வாடகை 18,700 இல்ல, 11,200. கட்டடத்துக்கு வெளிய இருந்து பாத்தா இது எதுவுமே தெரியாது.

இதுல ஒண்ண அழுத்தி சொல்லணும். வீட்ட வாங்கும்போது பழைய ஓனர் இடத்துல நாம போயி நிக்கிறோம், அதே சொத்து மாற்றுச் சட்டத்தோட 109-வது பிரிவு சொல்றது அதத்தான், அவருக்கு இருந்த உரிமையும் வரும் கடமையும் வரும். கடன் வாங்கினது அவரா இருந்தாலும் காலி பண்ற அன்னைக்கு குடித்தனக்காரர் நம்ம வாசல்லதான் கை நீட்டுவாரு. அதனால அட்வான்ஸ் மொத்தத்தையும் விலையிலேருந்து கழிச்சுக்கணும், கிரயப் பத்திரத்துலயே யாரோடது எவ்வளவுன்னு எழுதி, திருப்பித் தர்ற பொறுப்பு வாங்குறவங்களுக்குன்னு போடணும். நாங்க அப்படித்தான் செஞ்சோம். விலை 58 லட்சம்னே எழுதி, அதுல 55,500 அட்வான்ஸுக்காக எங்ககிட்டயே நிறுத்திகிட்டோம், 4 லட்சத்துக்கு ஓனர் சம்மதத்தோட டீச்சரம்மா பேர்ல தனி டிடி எடுத்து அந்த டிடி நம்பரையும் பத்திரத்துல ஏத்தினோம். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல வேப்பமரத்தடியில அந்த டிடிய வாங்கிகிட்டு, டேப் ஒட்டின ஸ்டாம்பு பேப்பர்ல "பைசல்"னு எழுதி கையெழுத்துப் போட்டு என்கிட்ட கொடுத்தாங்க. அன்னையிலேருந்து மாடிக்கு 7,000 வாடகை, 21,000 அட்வான்ஸ்.

நான் விட்ட தப்பு

இவ்வளவு பாத்தும் ஒரு இடத்துல கோட்ட விட்டேன். ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்ச மறுநாளே நாலு பேருக்கும் எழுத்துல லெட்டர் கொடுத்திருக்கணும், இந்தத் தேதியிலேருந்து ஓனர் இவங்க, வாடகை இந்த கணக்குக்குன்னு, அதுல பழைய ஓனர் கையெழுத்தும் இருக்கணும். நான் கடை, மாடி, கொல்லை மூணு பேருக்கும் நேர்ல சொல்லிட்டேன், கீழ் வீட்டு அக்கா அப்ப திருவெண்காட்டுல அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க, வந்ததும் சொல்லலாம்னு விட்டுட்டேன். வாடகை போடுறது மஸ்கட்ல இருக்குற அவங்க வீட்டுக்காரரு, மாசாமாசம் பழைய ஓனருக்கு ஜிபேல போட்டு விட்டுருக்காரு, ரெண்டு மாசம், 11,000.

இதுல அவங்க மேல தப்பே கிடையாது. வீடு கை மாறினது தெரியாம பழைய ஓனருக்குக் கட்டின வாடகைய மறுபடி கட்டச் சொல்ல முடியாதுன்னு அதே 109-வது பிரிவுல இருக்கு. பழைய ஓனர் 5,500 திருப்பிக் கொடுத்தாரு, மிச்சத்துக்கு "வீட்டு வரி பாக்கிய நான்தானே கட்டினேன், அதுக்கு சரியாப் போச்சு" ன்னுட்டாரு. அதே பிரிவுல இன்னொண்ணும் இருக்கு, கை மாறுறதுக்கு முன்னாடி இருந்த வாடகை பாக்கி பழைய ஓனருக்குத்தான் சேரும், வாங்குறவங்க வசூல் பண்ணிக்கலாம்னு தனியா பேசி எழுதியிருந்தாதான் நமக்கு. வீடு வாங்கின கையோட பழைய பாக்கிய கேட்டுப் போயி நிக்கிறவங்கள பாத்திருக்கேன், எழுத்துல இல்லாம அது நடக்காது.

ஐப்பசி

சொந்தக்காரங்க நிறைய பேரு சொன்ன யோசனை கொல்லை வீட்ட இடிச்சிட்டு ரெண்டு போர்ஷன் கட்டுன்னுதான். 1,200 ரூபாய்க்கு ஒரு வீடான்னாங்க. தண்ணிய நிறுத்து, கரண்ட புடுங்கு, ஆச்சி தானா மக வீட்டுக்குப் போயிடும்னு வாய் கூசாம சொன்னாங்க. அது பாவம்ங்கறது ஒரு பக்கம், சட்டப்படியும் கூடாது. தமிழ்நாட்டுல 1960-ஆம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போயி 2017-ல போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-லேருந்து நடைமுறையில இருக்கு, அதுல தண்ணி கரண்ட் மாதிரி அத்தியாவசியமானத ஓனர் நிறுத்தவே கூடாதுன்னு தனிப் பிரிவே இருக்கு, வீட்டுக்குள்ள வந்து பாக்கணும்னாகூட 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும்.

2022 நவம்பர் 11 மழைய எங்க மாவட்டத்துல யாரும் மறக்க மாட்டாங்க, சீர்காழியில ஒரே நாள்ல 44 செ.மீ. கொட்டுச்சு. இங்க டவுன்ல அவ்வளவு இல்லன்னாலும் ராத்திரி முழுக்க அடிச்சுது. விடிஞ்சதும் போயி பாத்தா ஆச்சி வீட்டுக் கூடத்துல கால் வைக்க இடமில்ல, அண்டா, குண்டான், பால் தூக்கு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுன்னு ஒழுகுற இடத்துக்கெல்லாம் ஒண்ணு வச்சிருக்காங்க, எந்த இடத்துல எத்தன நேரத்துல ரொம்பும்னு அவங்களுக்குக் கணக்கு இருக்கு. கட்டில் மட்டும் நனையாத ஒரே மூலையில. "ஒண்ணுமில்ல தாயி, வருஷா வருஷம் இதே எடத்துலதான் ஒழுகும், கடமுகத்துக்கு அப்புறம் கொறஞ்சிரும்" ன்னாங்க. கடமுகம்னா ஐப்பசி கடைசி நாள் காவிரி துலாக் கட்டத்துல முழுக்கு, அதுக்கு இன்னும் நாலஞ்சு நாள் இருந்துச்சு.

கூரையத் தாங்குற பனங்கை நாலு உளுத்துப் போயிருந்துச்சு, ஓட்டுக்கு அடியில அடிக்கிற ரீப்பர் பாதி இல்ல. தை பொறந்து மழை விட்டதும் ஓடு பிரிச்சு மேய ஆள் தேடினேன், இப்ப அந்த வேலை தெரிஞ்சவங்க கொறஞ்சு போயிட்டாங்க, வழுவூர்லேருந்து ரெண்டு பெரியவங்க வந்து ஒன்பது நாள்ல முடிச்சாங்க. மரம், ஓடு, கூலி எல்லாம் சேத்து 68,000. ஆச்சி தர்ற வாடகையில இத எடுக்க வருஷக்கணக்காகும்னு எனக்குத் தெரியும். ஆனா புதுச் சட்டத்துல எந்த ரிப்பேர் யாரு செய்யணும்னு பட்டியலே இருக்கு, கட்டடத்த தாங்குற ரிப்பேரு, வெள்ளையடிக்கறது, பைப் மாத்தறது, வயரிங் எல்லாம் ஓனரு, குழாய் வாஷரு, சுவிட்ச் பிளக்கு, அடைச்ச சாக்கடை, உடைஞ்ச ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடித்தனக்காரங்க. கூரை என் கணக்குலதான். அதுமட்டுமில்ல, ஒழுகுற வீட்டுக்கு வாடகை ஏத்திக் கேக்க எனக்கு வாய் வராது.

கரண்ட் இன்னொரு அநியாயம். முழு வீட்டுக்கும் ஒரே சர்வீஸ், ஆளுக்கொரு சப் மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபான்னு பழைய ஓனர் வசூல் பண்ணியிருக்காரு. வீட்டுக்கு வீடு தனி சர்வீஸ் இருந்தா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமா வரும், ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓடுற ஆச்சி அந்தச் சலுகை வந்த 2016-லேருந்து கட்டினது அத்தனையும் கட்ட வேண்டாத காசு. மொதல்ல பேர் மாத்தி, அப்புறம் தனித்தனி சர்வீஸ் எழுதிக் கொடுத்து வாங்கினோம். கடைக்கு வியாபார ரேட்டு தனி, வீட்டு லைன்ல கடை ஓடினா மாட்டிக்கறது டெய்லர் அண்ணன் மட்டுமில்ல நானும்தான்.

எழுத்துல போட்டது

புதுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துலதான் இருக்கணும், எழுதி 90 நாளுக்குள்ள வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், ஆன்லைன்லயே பண்ணலாம், பதிவு நம்பர் ஒண்ணு வரும். டீச்சரம்மாவும் கீழ் வீட்டு அக்காவும் உடனே கையெழுத்துப் போட்டாங்க.

டெய்லர் அண்ணன் போடல. நான் மொதல்ல கேட்டது தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி, கடைக்குள்ள துணி மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மிஷின் ஓடுது, அந்த நேரத்துல போயி ஒப்பந்தம்னு நின்னது என் புத்திக் கொறவு. கார்த்திகையில மறுபடி போனேன். "பதிமூணு வருஷம் வாய்ச்சொல்லுலயே ஓடிச்சு தங்கச்சி, இப்ப எழுதச் சொன்னா எழுப்பப் போறீங்கன்னுதானே அர்த்தம்" ன்னாரு. அப்பதான் எனக்கு விளங்குச்சு, எல்லாரும் போடுற மாதிரி நான் 11 மாச ஒப்பந்தம் கொண்டு போயிருக்கேன், அவருக்கு அது கெடு வச்ச மாதிரி தெரியுது. 11 மாசம்னு ஊரே போடுறதுக்குக் காரணம் ஒரு வருஷத்துக்குக் கம்மியா இருந்தா சார்பதிவாளர் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணற செலவு இல்லங்கறதுதான், வேற மகிமை ஒண்ணும் கிடையாது. மூணு வருஷத்துக்கே ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம், செலவு பாதிப் பாதி, முதல் ஆறு மாசம் பழைய வாடகை அப்புறம் 5,500-ன்னு சொன்னேன். ஒரு வாரம் யோசிச்சாரு. ஷட்டர் காசையும் சேத்து 40,000 அட்வான்ஸ்னு அதுல வரணும்னு ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு, அது ஏற்கனவே இருந்துச்சு. கையெழுத்து ஆச்சு.

வாடகை ஏத்தினது எல்லாமே ரிப்பேரும் தனி மீட்டரும் முடிஞ்ச பிறகு, மூணு மாசம் முன்னாடி சொல்லிட்டுத்தான். இப்ப கடை 5,500, கீழ் வீடு 6,200, மாடி 7,000, கொல்லை வீடு 1,500, மொத்தம் 20,200. கீழ் வீட்டு அக்கா இந்த வைகாசியோட காலி பண்றாங்க, ஆக்கூர் பக்கம் சொந்த வீடு முடிஞ்சிடுச்சு. மார்கழியிலயே கிரகப்பிரவேசத்துக்குத் தேதி இல்லன்னு தள்ளி, அப்புறம் புள்ளைங்க பரீட்சைக்காகத் தள்ளி இப்ப போறாங்க, கிரில் கேட்டு அவங்களோடதுன்னு சீட்டுல இருக்கு, நான் 4,000 கொடுத்து அத வாங்கிக்கறதா பேசியாச்சு. 15,000 தனியா எடுத்து வச்சிருக்கேன்.

ஆச்சி மட்டும் ஒப்பந்தத்துல கைநாட்டு வைக்கும்போது ஒரு சந்தேகம் கேட்டாங்க, நான் போயிட்டா அந்த 500 யாருக்குன்னு. யாருக்குக் கொடுக்கணும் சொல்லுங்க எழுதிக்கிறேன்னேன். செம்பனார்கோயில்ல இருக்குற பேத்தி பேரச் சொன்னாங்க, மக பேர்ல வேண்டாமாம், அது செலவு பண்ணிடுமாம். அப்படியே எழுதி, அந்த வரியில தனியா இன்னொரு கைநாட்டு வாங்கி வச்சிருக்கேன்.